பிரித்தாலும் உடையாத வீடுகள்

முன்னுரை:

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. ஆனால் கட்டுவதற்குச் சற்றும் குறையாத வேலை, பழைய வீட்டின் மரவேலைப்பாட்டைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

கப்பலில் வந்த தேக்கு:

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940-கள் வரை நகரத்தார் செட்டிநாட்டில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாவில் லேவாதேவி செய்தவர்கள் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். தூண், உத்தரம், நிலை, கதவு எல்லாம் தேக்கு. நிலைவாசலுக்கு மேலே லட்சுமி உருவம் செதுக்கப்பட்டது.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. வருமானம் போயிற்று. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்தார்கள். பராமரிக்க முடியாத வீடுகள் பல இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

தட்சிணசித்ரா:

1984-இல் தொடங்கப்பட்ட சென்னை கைவினை அறக்கட்டளை வேறு வழியில் போயிற்று. இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மீண்டும் பொருத்தியது. அதுதான் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடும், கேரளத்தின் புதுப்பள்ளியில் 1850-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சிரியன் கிறித்தவர் வீடும் இன்று அங்கே நிற்கின்றன.

எப்படிப் பிரிப்பது?

பழைய தச்சர்கள் இரும்பு ஆணியை அதிகம் நம்பவில்லை. ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் நுழைத்து, மர ஆணியால் பூட்டினார்கள். எனவே பூட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றினால் மரம் பிளக்காது. முதலில் ஓடு, பிறகு கைமரம், உத்தரம், கடைசியில் தூண். நிலையை எடுக்கும் முன் மேல்சுவருக்கு முட்டுக் கொடுத்து, சுற்றியுள்ள சுண்ணாம்புக் காரையைச் சுரண்டித் தளர்த்த வேண்டும். கடப்பாரையை நேராக மரத்தில் வைக்காமல், நடுவே ஒரு கட்டையை வைத்து நெம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு துண்டின் மறைவான பக்கத்திலும் எண் எழுத வேண்டும்.

முடிவுரை:

எண் இல்லாத தூண் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் விற்பனைப் பொருள்தான். அது எந்த ஊர், யார் வீட்டு முற்றத்தில் நின்றது என்று சொல்ல ஆளில்லை. எண் இருந்தால் அது மறுபடியும் வீடாகும். உங்கள் வீட்டில் பழைய நிலையைக் கழற்றப் போகிறீர்களா? உளியை எடுக்கும் முன் சாக்பீஸை எடுங்கள்.