மூச்சுக்குழல் வெப்பச் சிகிச்சை

மூச்சுக்குழல் வெப்பச் சிகிச்சை என்பது, ரேடியோ அலைவெண் மின்னாற்றலால் மூச்சுக்குழல் சுவரைச் சூடாக்கி, அங்கு தடித்துள்ள மென்தசையைக் குறைக்கும் ஆஸ்துமா சிகிச்சை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் நீண்டநேரம் செயல்படும் மூச்சுக்குழல் விரிப்பானும் எடுத்தும் கட்டுப்படாத கடும் ஆஸ்துமா உள்ள, 18 வயது நிறைந்தோருக்கானது.

பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழல் உள்நோக்கி) வழியே நுழையும் மெல்லிய கதீட்டரின் நுனியில், நான்கு மின்முனைகள் கொண்ட கூடை விரிந்து குழலின் உட்சுவரைத் தொடும். ஒவ்வோர் இடத்திலும் சுமார் 10 நொடிக்கு 65 பாகை செல்சியஸ் வெப்பம் செலுத்தி, கூடையைச் சுருக்கிச் சற்றே பின்னிழுத்து மீண்டும் விரிப்பர். 3 மி.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள குழல்களுக்கு இது இயலாது. நுரையீரலின் வலக் கீழ்மடல், இடக் கீழ்மடல், இரு மேல்மடல்கள் என மூன்று அமர்வுகள். இடையில் குறைந்தது மூன்று வாரம். வலது நடுமடல் வழக்கமாக விடப்படும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 ஏப்ரலில் இதை அனுமதித்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஏர்-2 ஆய்வில் (288 பேர்) கடும் ஆஸ்துமாத் தாக்குதல்கள் குறைந்தன. நுரையீரல் செயல்திறன் அளவு உயரவில்லை. ஆனால் அதே ஆய்வில் ஒப்பீட்டுக்காகப் போலிச் சிகிச்சை பெற்றோரில் பெரும்பகுதியினரும் நலம் உணர்ந்ததால் பலனின் அளவு விவாதத்துக்குரியதாகவே உள்ளது. சிகிச்சையை ஒட்டிய நாட்களில் இருமலும் இழுப்பும் கூடுவதுண்டு. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்குச் செய்யலாகாது. கடும் ஆஸ்துமாவுக்கு உயிரியல் மருந்துகள் பெருகியபின் இதன் பயன்பாடு சுருங்கியது.