மூன்று வாரமா, முப்பது வருடமா?

'மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. சாப்பாடு, படிப்பு எல்லாம் படுக்கையிலேயே!' என்று யாராவது சொன்னால், எந்தக் கல்லூரி மாணவருக்குத்தான் கசக்கும்? 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு நிஜமாகவே அந்த யோகம் அடித்தது. எல்லோருக்கும் வயது 20. படுக்க வைத்தவர்கள், பெங்க்ட் சால்டின், ஜெர் மிட்செல் உள்ளிட்ட மருத்துவ ஆராய்ச்சியாளர்கள்.

மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்த காலம் அது. 'ஓய்வு நல்லதுதானே' என்று எல்லோரும் நம்பினார்கள். நிஜமாகவே நல்லதா? அதைத்தான் அளந்து பார்த்தார்கள்.

உடம்பை முழு வேகத்தில் முடுக்கினால் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்க முடிகிறது என்பதுதான் அளவுகோல். நம்ம உடம்பு எஞ்சினின் 'பவர்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். படுப்பதற்கு முன் ஐந்து பேரின் சராசரி 3.3 லிட்டர். மூன்று வாரம் கழித்து எழுந்தபோது 2.4! கால்வாசிக்கும் மேல் காணாமல் போயிருந்தது.

அப்புறம் எட்டு வாரம் ஓட்டமும் பயிற்சியும். சராசரி 3.9-க்கு எகிறியது. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஐவரில் இருவர் ஏற்கெனவே பயிற்சி உள்ளவர்கள். அவர்களுக்குப் பழைய அளவைவிடக் கொஞ்சம்தான் கூடியது. உடற்பயிற்சிப் பக்கமே போகாத மற்ற மூவருக்குத்தான் லாட்டரி. படுப்பதற்கு முன்பிருந்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது!

உள்ளே என்னதான் நடக்கிறது? அதற்கு ஒரு விடை 1967-ல் வந்தது. ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை டிரெட்மில்லில் ஓட விட்டார். சில வாரங்களில் அவற்றின் தசையில் ஆக்ஸிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் திறன் இரண்டு மடங்கானது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகள் பெருகியதுதான் காரணம். இன்னொன்றும் பின்னால் தெரியவந்தது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்! சர்க்கரை நோயைத் தள்ளிப்போட நடக்கச் சொல்வது சும்மா இல்லை.

டல்லாஸ் கதை அத்தோடு முடியவில்லை. 1996-ல் அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். வயது 50. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ. எஞ்சின் பவர் 2.9 லிட்டர். கணக்குப் போடுங்கள். மூன்று வாரப் படுக்கை பறித்தது 0.9. முப்பது வருட வயது பறித்தது வெறும் 0.4!

மறுபடியும் பயிற்சி. நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டி, வாரத்துக்கு நாலரை மணி நேரம். ஆறு மாதத்தில் 20 வயதில் இருந்த 3.3 திரும்பிவிட்டது. ஏறிய எடையில் இறங்கியது என்னவோ ஐந்தில் ஒரு பங்குதான். எடைமெஷின் முள் அசையவில்லையே என்று பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஐந்தே பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சிதான். ஆனால், நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கும் இன்றைய வைத்திய முறைக்கு அது பெரிய தூண்டுதல்.

உங்கள் வீட்டில், வகுப்பு விட்டால் கட்டில், கட்டில் விட்டால் செல்போன் என்று ஒரு பிள்ளை இருக்கிறதா? 'இனிமேல் எங்கே' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியே இல்லாத உடம்புக்குத்தான் பலன் சீக்கிரம் தெரியும். இன்று சாயங்காலமே கிளப்பிவிடுங்கள். கூட நீங்களும் போனால், இன்னும் நல்லது!