தீர்த்தமலையும் தீராத தாகமும்

தருமபுரி மாவட்டத்திலே, அரூருக்கு அருகே ஓங்கி நிற்கிறது தீர்த்தமலை. அருணகிரிநாதர் பாடிய தலம். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய கோயில். இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் அம்பெய்தான், பாறை பிளந்து நீர் பெருகிற்று என்கிறது தலபுராணம். அந்நீரில் ஆடினால் நோயும் பாவமும் நீங்கும் என நம்பி மலையேறுகின்றனர் பக்தர்கள்.

அம்பா பாறையைப் பிளந்தது? மலைமேல் பெய்த மழை வெடிப்புகளில் ஊறிக் கீழே கசிகிறது. நிலநூல் தரும் விடை இது.

மலையடியைப் பாருங்கள், தோழர்களே! இம்மாவட்டத்துப் பாறைகளிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரிலும் கரைந்தது. அதனைப் பருகிய சிறாரின் பற்கள் கறைபட்டன. பெரியோரின் எலும்புகள் நலிந்தன. முன்வினையா இது? அன்று, நீரின் வினை! அதனைத் தடுக்க வந்தது தீர்த்தமன்று, திட்டம். 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைக் குழாய் வழியே ஊர்களுக்குக் கொணர்ந்தது.

வணங்குவோர் வணங்கட்டும். ஆனால், சிரிக்க நாணி வாய்பொத்தும் சிறுமியைக் கண்டால், அவளுக்குப் பரிகாரம் தேடாதீர். அவள் வீட்டுக் கிணற்று நீரைச் சோதிக்கச் செய்வீர்! பழி தீர்க்கும் நீர் கதையில் இருக்கலாம். பிணி தவிர்க்கும் நீர் அறிவின் கொடை.