அணுவுந்து பொறியும் கணனியும்
அணுக்கரு வெப்பத்தால் விண்கலஞ் செலுத்தும் முயற்சி, அமெரிக்காவில் 1955 ஆம் ஆண்டு 'றோவர்' என்னும் பெயருடன் தொடங்கியது. யுரேனிய உலையினூடே ஐதரசனைச் செலுத்திச் சூடாக்கி, குழல்வாய் வழியே வெளிவிட்டு உந்துவிசை பெறுதலே இதன் தத்துவமாகும்.

1962 நவம்பரில் நெவாடாப் பாலையில் இயக்கப்பெற்ற 'கீவி' உலையொன்று, தன் எரிபொருட் கோல்களின் துண்டுகளையே சுவாலையோடு கக்கியது. ஆக்கியோர் எதிர்பாராத இக்கேட்டிற்குக் காரணம் அணுவன்று. பாயும் வாயு எழுப்பிய அதிர்வே என்பது, அணுப்பிளவின்றி வாயுவை மட்டுஞ் செலுத்திய சோதனைகளால் 1963 இல் விளங்கிற்று. திருத்திய உலைகள் 1964 இல் செவ்வனே இயங்கின. எனினும், 1973 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கதிரியக்கங் கலந்த வாயுவைத் திறந்தவெளியில் விடுதற்கு ஒவ்வாத இந்நாளில், இத்தகைய பொறிகளைப் பெரிதுங் கணனியிலேயே இயக்கிப் பார்க்கின்றனர். அக்கணிப்புகளின் மெய்ம்மையை உரைத்தறியுங் கட்டளைக்கல், அன்றைய சோதனைப் பதிவுகளே. வெற்றியோடு தோல்வியையும் எழுதி வைத்தோர், பின்வந்தோர்க்குப் பேருதவி புரிந்தோராவர்.