பலகைக்கு ஓர் இடம்

ஒரு பொருளை வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். அதை வைப்பதற்கு ஓர் இடம் பண்ணத்தான் மனசு வேண்டும். இந்தச் சின்ன உண்மை எனக்கு அறுபத்தெட்டாவது வயதில், கலிபோர்னியாவில், ஒரு பழைய வேனுக்குள் மல்லாந்து படுத்து மரச் சட்டம் ஒன்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது விளங்கிற்று.

ஸான் டீகோ நகரத்தில் என் தங்கை மகன் இருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் உத்தியோகம். மற்ற இரண்டு நாள் கடலில் பலகையைப் போட்டு அலையின்மேல் நின்றுகொண்டு கரைக்கு வருவதுதான் வேலை. போன வருஷம் ஒரு மாதம் அவனோடு தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை நான் காபியை வாயில் வைத்ததுமே, "மாமா, ஒரு நிமிஷம் வர்றீங்களா? இதைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்" என்று கூப்பிட்டான். ஒரு நிமிஷம் என்றவன் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விட்டான்.

அவனிடம் இரண்டு அலைப் பலகைகள் இருந்தன. ஒன்று 6 அடி, மற்றொன்று 9 அடி. இரண்டையும் வேனுக்குள்ளேயே, கூரைக்கு ஒரு சாண் கீழே, படுக்க வைக்க வேண்டுமாம். கீழே அவன் படுக்கையும் அடுப்பும் இருக்கும். இதெல்லாம் கடையில் தயாராகக் கிடைக்காதா என்று கேட்டேன்.

"கிடைக்கும் மாமா. ஆனா அது என் வேனுக்கு அளவெடுத்தது இல்லையே" என்றான்.

சட்டை தைக்கிற நியாயம்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வேலை பார்ப்பதற்கு லேசு. செய்யும்போதுதான் சூட்சுமம் தெரிகிறது. வேனின் மேல்தகடு மெல்லியது, கனம் தாங்காது. தகட்டுக்கு உள்ளே விலா எலும்பு மாதிரி இரும்பு வளைவுகள் ஓடுகின்றன. அவற்றில்தான் போல்ட் போட வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குறுக்குச் சட்டங்கள். சட்டத்தின்மேல் பழைய கம்பளத் துண்டைச் சுற்றினான். பலகையின் மேல்தோல் கண்ணாடி நாரால் ஆனது. பார்வைக்கு உறுதிதான், ஆனால் எதிலாவது இடித்தால் விரிசல் கண்டுவிடும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பலகையின் ஆயுசு குறைந்துபோகும். முன்சட்டத்தில் ஒரு வார்ப் பட்டை வைத்தான். திடீரென்று பிரேக் போட்டால் பலகை பாய்ந்து வந்து ஓட்டுகிறவனின் பிடரியைப் பதம் பார்க்காமலிருப்பதற்காக!

கடைசியில் ஒரு தர்ம சங்கடம் வந்தது. பலகையின் மேல்பக்கத்தில் கால் வழுக்காமலிருக்க மெழுகு தேய்த்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் மீன் துடுப்பைப் போல ஒரு துடுப்பு. துடுப்பு கீழே பார்த்தால், படுக்கையிலிருந்து எழுந்திருக்கிறவன் மண்டை உடையும். மெழுகு கீழே பார்த்தால், வெயிலில் இளகிப் படுக்கையில் சொட்டும். எது தேவலை? பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, பலகைக்குத் துணி உறை மாட்டி, மெழுகுப் பக்கத்தைக் கீழே வைத்தான்.

மெழுகு, துணி உறை என்ற இரண்டு வார்த்தைகளும் என்னை என்னவோ செய்தன. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

"ஏண்டா, வேனின் தலைமேல் கட்டிக்கொண்டு போனால் என்ன?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல அப்படித்தான் மாமா போனாங்க. வெயில் ஆகாது. திருட்டுப் பயம் வேற. உள்ளே இருந்தா நம்ம கண்ணு முன்னாடி இருக்கும்" என்றான்.

அந்தக் காலம் என்றால் எந்தக் காலம்? கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு நுனியைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. மறுநாளிலிருந்து அவன் அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பலகையின் பூர்வீகம் ஹவாய்த் தீவுகள். கேப்டன் குக் 1779-இல் அங்கே கொல்லப்பட்டாரல்லவா? அவருடைய கப்பலில் இருந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, ஹவாய் ஜனங்கள் அலைமேல் பலகை விட்டு விளையாடியதைப் பார்த்து அதிசயித்து எழுதி வைத்திருக்கிறார். சாதாரண ஜனங்களின் பலகை குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஈரப்பலா மரத்திலோ கோவா என்ற மரத்திலோ செய்வார்கள். பிரபுக்களின் பலகைக்கு ஓலோ என்று பெயர். அதற்கு விலிவிலி என்ற லேசான மரம் விசேஷம். அது வேறொன்றுமில்லை, நம் கொல்லையில் நிற்கிற கல்யாண முருங்கைக்குப் பங்காளி!

1823-இல் அந்தத் தீவைச் சுற்றி வந்த வில்லியம் எல்லிஸ் என்ற பாதிரியார் எழுதிய ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. விளையாடி முடித்ததும் பலகையை நன்றாக உலர வைப்பார்களாம். தேங்காயெண்ணெய் தடவுவார்களாம். துணியில் சுற்றி, குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே தொங்கவிடுவார்களாம். கொட்டகையில் அல்ல, வாசல் திண்ணையில் அல்ல. மனிதர்கள் படுத்துறங்கும் அதே கூரையின் கீழ்! எங்கள் வேனுக்குள் முந்தின நாள் நாங்கள் செய்தது என்ன? தேங்காயெண்ணெய் ஒன்றுதான் பாக்கி.

அந்த வீடுகள் நிலைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த கப்பல்கள் வியாதிகளையும் கொண்டுவந்தன. ஜனங்கள் கூட்டங் கூட்டமாக மாண்டார்கள். 1820-இல் வந்த மிஷனரிகள் பலருக்கு இந்த விளையாட்டு வீண் பொழுதாகவும் வெட்கங்கெட்டதாகவும் தோன்றியது. 1893-இல் ராணியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1898-இல் தீவுகளை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. பிடித்து நிற்க ஆளும் இல்லை, தொங்கவிட வீடும் இல்லை என்றால் பலகை எங்கே போகும்?

இரண்டு பலகைகளின் கதை மட்டும் தெரிகிறது. பாகி என்ற ஹவாய்ப் பிரபு 1855-இல் காலமானார். அவர் மகள் பௌவாஹி இளவரசி. அவளும் இறந்தபின், அவள் கணவர் சார்லஸ் பிஷப் அவள் நினைவாக 1889-இல் ஹோனலூலுவில் ஒரு காட்சிசாலை ஏற்படுத்தினார். பாகியின் ஓலோப் பலகைகள் அங்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆளைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளம். கனம் சுமார் 150 ராத்தல். காட்சிசாலையில் இருந்தும் அவற்றைக் கவனிப்பார் இல்லை. 1920-களில் டாம் பிளேக் என்ற இளைஞர் வந்து அவற்றைச் சுத்தம் செய்து புதுப்பித்தார். பிறந்தது கடலே இல்லாத விஸ்கான்ஸின் மாநிலத்தில்! பழைய பலகையைத் துடைத்தவருக்கு அதைப் போலவே ஒன்று செய்ய ஆசை வந்தது. கனத்தைக் குறைக்க மரத்தில் துளை துளையாகப் போட்டு, மேலே மெல்லிய பலகையால் மூடினார். அதிலிருந்து உள்கூடான பலகை பிறந்தது. 1932-இல் அதற்குப் பேடண்டு உரிமை கிடைத்தது.

இதற்குள் விளையாட்டு கலிபோர்னியாவுக்குக் கப்பலேறியிருந்தது. 1907-இல் ஹவாயிலிருந்து ஜார்ஜ் ஃப்ரீத் வந்து ரெடாண்டோ கடற்கரையில் அலையேறிக் காட்டினார். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹனமோக்கு, 1925-இல் கரோனா டெல் மார் அருகே படகு கவிழ்ந்தபோது தம் பலகையைப் போட்டு எட்டுப் பேரைக் காப்பாற்றினார். ஹவாயில் வீடும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கலிபோர்னியாவிலோ அலை ஓரிடம், வீடு ஓரிடம். நடுவே ஐம்பது மைல் இருக்கும். ரெட்வுட் மரப் பலகையோ 100 ராத்தல் வரை கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது?

அங்கேதான் மோட்டார் வண்டி சரித்திரத்துக்குள் நுழைகிறது. திறந்த காரின் பின்இருக்கையில் பலகையைக் கொடிமரம் மாதிரி நிறுத்திக்கொண்டு போனார்கள். கூரையில் கட்டைகளை வைத்து, கம்பளம் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். ஃபோர்டு கம்பெனி 1929 முதல் மரத்தாலான உடம்பு வைத்த ஸ்டேஷன் வாகன்களைச் செய்தது. ரயில் நிலையத்திலிருந்து விருந்தாளிகளையும் மூட்டைகளையும் கூட்டி வருகிற கனவான்களின் வண்டி. மரம் என்றால் வார்னிஷ் பூச வேண்டும், பூசாவிட்டால் உளுத்துவிடும். ஆகவே பழசானதும் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கையில் காசில்லாத அலைப் பையன்களுக்கு யோகம் அடித்தது!

யுத்தத்துக்குப் பிறகு பால்ஸா மரமும் கண்ணாடி நாரும் வந்து பலகையின் கனம் மளமளவென்று இறங்கியது. 1957-இல் ஃபிரெடரிக் கோனர் என்ற எழுத்தாளர், மாலிபு கடற்கரையில் அலையேறிக்கொண்டிருந்த தம் பெண்ணைப் பார்த்து 'கிட்ஜட்' என்ற நாவல் எழுதினார். 1959-இல் அது சினிமாவாக வந்ததும் கடற்கரை கொள்ளாத கூட்டம். (நாவலாசிரியர்களால் இப்படியும் உபத்திரவம் உண்டு.) நல்ல வேளையாக 1958 வாக்கில் ஹோபி ஆல்ட்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரிதேன் நுரையில் பலகை செய்ய வழி கண்டிருந்தார்கள். மரத்துக்கு இருந்த தட்டுப்பாடு தீர்ந்தது.

வேனும் ஒருவர் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்ததுதான். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947-இல் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி வண்டி வரைந்தார். 1950-இல் வோக்ஸ்வாகன் கம்பெனி அதைச் செய்ய ஆரம்பித்தது. அந்த வேன் படுக்கையறையும் சமையலறையுமாக மாறிக் கடற்கரைகளுக்கு வந்தபோதும், 10 அடிப் பலகை உள்ளே மூக்கை முட்டிற்று. 1967-க்குப் பிறகு இரண்டு மூன்று வருஷங்களில் பலகைகள் 7 அடிக்கும் கீழே சுருங்கின. பலகை சாவகாசமாக உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

நான் கண்ட சரித்திரம் இவ்வளவுதான். வீட்டுக் கூரையின் கீழ் துணி சுற்றித் தொங்கிய பலகை, வீட்டை இழந்து, காட்சிசாலைக்குப் போய், காரின் தலைமேல் வெயிலில் காய்ந்து, மறுபடியும் மனிதன் படுக்கிற கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தது. அதற்குக் கூரை கொடுத்தவர்களில் முக்காலே மூன்று வீசம் பேர் என் தங்கை மகனைப் போல முட்டியில் ரத்தக் காயத்தோடு திருகாணி முடுக்கிய பெயர் தெரியாத பையன்கள்தாம். ஆனால் முதன்முதலில் அதைத் தொங்கவிட்டவர்களின் வீடுகள் திரும்பி வரவில்லை. அதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

இப்போது மெழுகு, உறை விஷயத்துக்கு வருகிறேன். என் தாயாரிடம் ஒரு வீணை இருந்தது. பழைய பட்டுப் புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தாள். கூடத்தில் தலைக்குமேல் இரண்டு முளை அடித்துக் கட்டிய பலகையில் அது படுத்திருக்கும். அவள் போனபின் பெரிய வீட்டை விற்று, மூன்று அறை வீட்டுக்கு வந்தோம். "இதை எங்கே வைக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். "இப்போதைக்குப் பரணில் போடு" என்றேன். இப்போதைக்கு என்று சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வீணையின் மெட்டுக்கள் மெழுகில் பதித்தவை என்பது எனக்குத் தெரியாததல்ல. மொட்டை மாடிக்கு அடியில் இருக்கிற பரணில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்பதும் தெரியாததல்ல.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே ஏணி போட்டு இறக்கினேன். மெழுகு இளகி, மெட்டுக்கள் கோணிக் கிடந்தன. குடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். வீணை பழுது பார்க்கிற ஆசாரி தட்டிப் பார்த்தார். "வாசிக்கலாம் சார். ஆனா அந்த நாதத்துக்கு நான் பொறுப்பில்லை" என்றார்.

வீணை அவரிடம் இருக்கிறது. அது வருவதற்குள் கூடத்துச் சுவரில் பலகை ஒன்று அடிக்கத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். அளவை மட்டும் நானே எடுத்து வைத்திருக்கிறேன்.