கள்ளன் பெயர் இல்லாத கல்

ஓசூர் சிப்காட்டில் எங்கள் குவாலிட்டி பிரிவுப் பையன்கள் மர்ம நாவல் கேட்டால், ஸ்டீவன் செய்லரின் ‘ரோமன் பிளட்’டைக் கொடுப்பேன். 1991இல் வந்தது. கி.மு. 80இல், தகப்பனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட செக்ஸ்டஸ் ரோசியஸுக்காக 26 வயது சிசரோ வாதாடிய நிஜ வழக்கு அது. அந்த வாதம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அது சொல்லாமல் விட்ட இடங்களில்தான் செய்லரின் துப்பறிவாளன் நுழைகிறான். லிண்ட்சே டேவிஸின் ‘தி சில்வர் பிக்ஸ்’ இன்னும் கலகலப்பு. பிரிட்டன் சுரங்கத்து உலோகக் கட்டிகள் களவு போகிற கதை. ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

“நம்ம பக்கத்துக் கதை இல்லையா சார்?” என்பார்கள். நாவலாக நான் பார்க்கவில்லை, கல்லாக இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டிச் செங்கம் பக்கம் போனால் எடுத்தனூர். அந்த ஊர் நடுகல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்பவன் தொறு, அதாவது மாட்டு மந்தை காக்கப் போய் இறந்தான். கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அரசன் பெயர், செத்தவன் பெயர், நாயின் பெயர் எல்லாம் உண்டு. கள்ளர் பெயர் மட்டும் இல்லை.

பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று கைமாறிக்கொண்டே இருந்த எல்லை நிலம் இது. மாடு பிடிக்க வந்தவர்கள் வயிற்றுப்பாட்டுத் திருடர்களா, பக்கத்து அரசன் அனுப்பிய ஆட்களா? ஆநிரை கவர்வதில்தானே அந்தக் காலத்துப் போரே தொடங்கும்! இப்படிப்பட்ட கற்களை எங்கள் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்தின்மேல் எண்ணெயும் மஞ்சளும் ஏறிக்கிடக்கும். சாட்சியைக் கும்பிட்டே வாயடைத்துவிட்டோம்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு இதற்கு நேர் எதிர். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று அது பெயரோடு சொல்கிறது, காரணம் சொல்லவில்லை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அதில் குறைதான். ரிஜெக்ட் ஆன பாகத்தைச் செய்தது யார் என்பது ரிஜிஸ்டரிலேயே இருக்கும், ஏன் என்று அறியத்தான் மெஷினைக் கழற்ற வேண்டும். துரோகிகளின், அவர்கள் உறவினரின் நிலங்கள் பறிமுதலான விவரம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில்தான் கல்லில் ஏறுகிறது. நடுவே உத்தம சோழன் ஆண்ட பதினைந்து ஆண்டுகள். அவன்மீதே சந்தேகப்பட்டார் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அத்தனை ஆண்டும் அந்த நிலங்களின் நெல் யார் வீட்டுக்குப் போனது? அந்த நெல் வண்டியைப் பின்தொடர்ந்து போகிற நாவல் வந்தால் முதல் பிரதி எனக்கு.