இறுதியாட்டம் இல்லாத வெற்றி

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலையில் சமநிலம் அரிது. அங்குள்ள தலைமையூரின் பெயர் தானா ராத்தா. மலாய்மொழியில் அதற்குச் சமமான நிலம் என்பதே பொருள். ஓரிடத்தின் சமதளமே அதற்குப் பெயராய் நிலைக்கும் அளவுக்குச் சூழ இருப்பவை யாவும் சரிவுகள். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார், இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற ஏ. பி. மில்னோடு சேர்ந்து இங்கே போ தோட்டத்தைத் தொடங்கினார். அச்சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

மலாயாவின் தோட்டங்கள் பலவற்றில் கோயிலும் பள்ளியும் பந்துத்திடலும் அடுத்தடுத்து அமைந்தன. வாரம் முழுதும் பெரட்டுக்கும் நிறுவைக்கும் கட்டுப்பட்டிருந்த கால்கள், ஞாயிறு மாலையில் திடலில் தம் விருப்பம்போல் ஓடின. காற்பந்தைத் துரைமார் கொண்டுவந்திருக்கலாம். அதை வளர்த்தவர் லயத்துப் பிள்ளைகளும்தாம்.

ஆயினும் விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் இறுதியாட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கிண்ணம் யார் கையில் சேர்ந்தது என்பதோடு ஏடு மூடப்படுகிறது. மலாயாக் கிண்ணத்தின் கதை இதற்கொரு சான்று. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் பெயரால் 1921இல் இப்போட்டி தொடங்கியது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 எனும் கணக்கில் வென்றது என்பதை நூல்கள் தவறாது கூறுகின்றன. அதற்கு முந்திய சுற்றுகளில் ஆடியவர் யாவர் என்று தேடினால் கிடைப்பது சொற்பமே. அக்கப்பலைக் கட்டப் பணம் கொடுத்த கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கனுள் பகாங்கும் ஒன்று. ஆனால் முதலாண்டு களமிறங்கிய ஆறு அணிகளுள் பகாங் இல்லை. அது முதன்முறையாக இக்கிண்ணத்தைக் கைப்பற்றியது 1983இல். போட்டிக்கு அப்போது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியிருந்தது. இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளும் பகாங்குக்கு வரலாறே இல்லை என்று யார் சொல்லத் துணிவார்?

முற்சுற்று ஆட்டமொன்று இறுதியாட்டத்தையே மறைத்துவிடுவதும் உண்டு. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று பெயர்பெற்றது. 1972 டிசம்பர் 23இல், வெளியேற்றச் சுற்றின் தொடக்கக் கட்டத்தில், பிட்ஸ்பர்க் அணி ஓக்லண்டு அணியை எதிர்த்தது. ஆட்டம் முடிய இருபத்திரண்டு விநாடிகளே எஞ்சியிருக்க, பிட்ஸ்பர்க் 6-7 எனப் பின்தங்கி நின்றது. வீசிய பந்து வீரர் இருவர் மோதிய இடத்தில் பட்டுத் தெறித்தது. நிலத்தைத் தொடுமுன் அதனை அள்ளிக்கொண்டு எல்லைவரை ஓடினார் பிராங்கோ ஹாரிஸ் என்னும் இளைஞர். முடிவு 13-7. மறுவாரமே பிட்ஸ்பர்க் மயாமியிடம் தோற்று வெளியேறியது. அவ்வாண்டு ஒரு தோல்வியும் காணாமல் பட்டம் வென்றது மயாமிதான். எனினும் பிட்ஸ்பர்க் மக்கள் இன்றும் எடுத்துப் பேசுவது அந்த ஓட்டத்தையே. 1933இல் பிறந்த அவ்வணி, வெளியேற்றச் சுற்றில் கண்ட முதல் வெற்றி அது.

பிட்ஸ்பர்க்குக்கு அடுத்த சுற்று ஒன்று இருந்தது, தோற்பதற்கேனும். மலேசியாவுக்கு 1980இல் அதுவும் வாய்க்கவில்லை.

அவ்வாண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கின் காற்பந்துத் தகுதிச் சுற்றில் ஒரு பிரிவின் ஆட்டங்கள் கோலாலம்பூரில் நடைபெற்றன. ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவைச் சந்தித்தது. வென்றவர் மாஸ்கோ செல்வர் என்பதே நிலை. சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் அடித்த கோல் வெற்றியைத் தேடித்தந்தது. முடிவு 2-1. மலேசியாவின் கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளும் அஞ்சாத பாய்ச்சலும் கொண்ட அவரை மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தனர்.

இது எதிர்பாராது விளைந்ததன்று. 1971இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றிலும் தென்கொரியாவை அதன் மண்ணிலேயே 1-0 என வீழ்த்தி, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா இடம்பெற்றது. எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி ஆகிய தமிழர் அவ்வணியில் இருந்தனர். மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்ற மலேசியா, அமெரிக்காவை 3-0 என வென்றது. உலக அரங்கில் எவரும் பெரிதாகப் பேசாத ஆட்டம் அது. இங்கே பேசப்பட்டது.

அதன் காரணத்தைத் திடலுக்கு வெளியே தேடவேண்டும். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. நீல அடையாள அட்டை உடையவர் குடிமக்கள். சிவப்பு அட்டை உடையவர் அல்லர். ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில்கூட இரண்டு நிறங்களும் இருந்தன. தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தோர் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பிய காலம் அது. நீ இந்நாட்டவனா என்ற கேள்வி அலுவலக மேசையில் கேட்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சந்திரன் என்றும் ஆறுமுகம் என்றும் பெயர்கள் நாட்டின் அணிப்பட்டியலில் வாசிக்கப்பட்டன. போட்டி எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பது கேட்பவருக்கு அத்துணை முக்கியமாய் இருந்திருக்க முடியாது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மெர்டேக்கா அரங்கம் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவு. மலைநிலம் பகாங்குக்கு உரியதாயினும், அந்நாளில் அதற்கு வழி பேராக்கின் தாப்பாவிலிருந்து வளைந்தேறும் பாதையே. மறுநாள் திங்கட்கிழமை விடியலில் பெரட்டு. ஆட்டம் முடிந்து மலையேறிக் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டுவது எளிதன்று. எனவே தோட்டத்தார்க்குக் காற்பந்து பெரும்பாலும் செவிவழி வந்தது, வானொலியே அரங்கம்.

வென்ற அணி மாஸ்கோ செல்லவில்லை. சோவியத்துப் படை 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுள் நுழைந்ததைக் கண்டித்து நாடுகள் பல ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. அதன் இடத்தில் ஈராக் ஆடியது. அரசின் முடிவில் நியாயம் இருந்தது என்பாரும், இளைஞரின் உழைப்பு வீணாயிற்று என்பாரும் உண்டு. இரண்டும் உண்மையே. அதன்பின் இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தொன்றில் காலமானார், அகவை முப்பத்தைந்து.

2016இல் அந்தத் தகுதிச் சுற்றைத் தழுவி 'ஓலா போலா' என்னும் மலேசியத் திரைப்படம் வெளிவந்தது. அதில் கோல் காப்பவனின் பெயர் முத்து. கதையின் உச்சம் தகுதியாட்டம்தான்; அதற்குப் பின் காட்ட வேறோர் ஆட்டம் இல்லை.